கம்பெனி கஜானா வேலை: அல்சூர் பட்டதாரிகளுக்கு வழி உண்டா?

பெங்களூரில் வெளிநாட்டுக் கம்பெனிகளின் பெரிய அலுவலகங்கள் பெருகிக்கொண்டே போகின்றன. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள தாய்க் கம்பெனிகளின் கணக்கு, கம்ப்யூட்டர், சம்பளப் பட்டியல் வேலைகளை இங்கேயே முடித்து அனுப்பும் மையங்கள் இவை. நாடு முழுவதும் இப்படி 1,700க்கு மேற்பட்ட மையங்கள் இருப்பதாக 2024ல் நாஸ்காம் அமைப்பு கணக்கிட்டது. அதில் பெங்களூருக்கே பெரும்பங்கு. 2029க்குள் மேலும் 500 மையங்களைக் கொண்டுவருவது, மூன்றரை லட்சம் பேருக்கு வேலை தருவது என்று கர்நாடக அரசு 2024 நவம்பரில் ஒரு கொள்கையே வெளியிட்டது.

அல்சூர்வாசிகளுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 2023 அக்டோபரில் மெட்ரோ ரயில் ஒயிட்பீல்டு கடைசி வரை ஓடத் தொடங்கிய பிறகு, அல்சூர் நிலையத்தில் ஏறினால் அந்த அலுவலகங்களின் பக்கத்திலேயே போய் இறங்கலாம். ஏரிக்கு அருகே உள்ள ஆர்.பி.ஏ.என்.எம். கல்லூரி போன்றவற்றில் பி.காம். முடிக்கும் நம் பிள்ளைகள் இங்கே பெரும்பாலும் பில் பட்டுவாடாப் பிரிவில்தான் சேர்கிறார்கள். பில்லைப் பார்ப்பது, பதிவு செய்வது, அனுப்புவது. பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அதே மாடியில் நாலு மேஜை தள்ளி இருக்கும் டிரஷரி என்ற பிரிவைப் பற்றி வீட்டில் எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. தகப்பனார் மில்லிலோ, ஒர்க் ஷாப்பிலோ, குமாஸ்தாவாகவோ இருந்தவர். அவருக்கு எப்படித் தெரியும்?

டிரஷரி என்றால் கம்பெனியின் கஜானா. ஆனால் நோட்டுக்கட்டும் இரும்புப் பெட்டியும் உள்ள கஜானா அல்ல. ரயில்வேயில் நிலைய வசூலைப் பெட்டியில் பூட்டி, முத்திரை வைத்து, ரயிலிலேயே கேஷ் ஆபீசுக்கு அனுப்பிய காலம் உண்டு. போய்ச் சேரும் வரை அந்தப் பணம் யாருக்கும் பயன்படாது. கம்பெனி கஜானாக்காரரின் கவலையும் அதுவேதான். இன்று காலை எந்த பாங்கில் எவ்வளவு இருக்கிறது, சாயங்காலத்துக்குள் எவ்வளவு வரும், எவ்வளவு போகும், மிஞ்சினால் எங்கே வட்டிக்குப் போடுவது, குறைந்தால் யாரிடம் வாங்குவது? தினமும் காலையில் இந்தக் கணக்கைப் போட்டு மேலதிகாரி மேஜையில் வைக்க வேண்டும்.

முன்பு இதில் கொஞ்சம் மூச்சுவிட நேரம் இருந்தது. செக் கொடுத்தால் கணக்கில் கழிய இரண்டு நாளாவது ஆகும். அந்த இரண்டு நாள் பணம் நம்முடையது. ஆர்.டி.ஜி.எஸ். முறையில் பெருந்தொகை அனுப்புவது 2020 டிசம்பர் முதல் இரவு பகல் பாராமல் நடக்கிறது. செக்கும் 2025 அக்டோபர் 4 முதல் பாங்கில் போட்ட அன்றைக்கே பாஸாகும்படி ரிசர்வ் பாங்கு மாற்றிவிட்டது. ஒரு மணி நேரம் கணக்குப் பிசகினாலும் வட்டி நஷ்டம் என்ற நிலை வந்திருக்கிறது. இந்த வேலைக்கு மதிப்பு கூடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரிபார்ப்பவர் வேறு

இந்தத் துறையில் மூன்று படி உண்டு. பாங்குடன் பேசி டாலரை வாங்குவதும் விற்பதும் ஒருவர் வேலை. அவர் எல்லை மீறாமல் பார்ப்பது இன்னொருவர் வேலை. ஒப்பந்தம் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாங்கு அனுப்பும் தாளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது மூன்றாமவர் வேலை. நம் பட்டதாரிகளுக்குத் திறந்திருக்கும் வாசல் இந்த மூன்றாவதுதான். இதைக் கீழான வேலை என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். அது தவறு.

2007 டிசம்பரில் ஹெக்சாவேர் என்ற சாப்ட்வேர் கம்பெனியில் நடந்தது இதற்குச் சாட்சி. அதிகாரி ஒருவர் அனுமதி இல்லாமல் செய்த அன்னியச் செலாவணி ஒப்பந்தங்களால் 2 கோடி முதல் 2.5 கோடி டாலர் வரை நஷ்டத்துக்கு ஒதுக்க நேர்ந்ததாக அந்தக் கம்பெனியே அறிவித்தது. வாங்குகிறவர் கையும் சரிபார்க்கிறவர் கையும் ஒன்றாக இருக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் விதி. தாளைத் தாளோடு ஒப்பிட்டு, ஒரு எண் இடித்தால் துணிந்து கேட்கும் குமாஸ்தா ஒருவர் இருந்தால் கம்பெனிக்குக் கோடிகள் மிஞ்சும்.

கோவையில் நடந்த கதை

நம் பக்கத்து அனுபவம் இன்னும் கசப்பானது. 2002ல் 48, 49 ரூபாயாக இருந்த டாலர் 2008 தொடக்கத்தில் 40க்குக் கீழே வந்துவிட்டது. டாலரில் சம்பாதிக்கும் திருப்பூர், கோவை ஏற்றுமதியாளர்கள் கலங்கிப் போனார்கள். அந்த நேரத்தில் பாங்குகள் விதவிதமான ஒப்பந்தங்களுடன் வந்தன. கைப்பணம் போட வேண்டாம், மாதாமாதம் லாபம் வரும் என்ற தோற்றம். அதில் பல, ரூபாய்க்கும் டாலருக்கும் சம்பந்தமே இல்லாமல் சுவிஸ் பிராங்க், ஜப்பானிய யென் ஆகியவற்றின் மேல் கட்டப்பட்டவை. பனியன் தைக்கும் ஊருக்கும் சுவிஸ் பிராங்குக்கும் என்ன உறவு என்று கேட்க, சிறு கம்பெனிகளில் தனியாகக் கஜானா அதிகாரி ஏது? முதலாளியே கையெழுத்துப் போட்டார்.

2008 மார்ச்சில் டாலரின் விலை, சரித்திரத்திலேயே முதல் தடவையாக ஒரு பிராங்குக்கும் கீழே விழுந்தது. ஒப்பந்தங்கள் திரும்பிக் கடித்தன. கோவை ராஜஸ்ரீ சுகர்ஸ் கம்பெனி, ஆக்சிஸ் பாங்குடன் 2007 ஜூனில் செய்த ஒப்பந்தம் சூதாட்டத்துக்குச் சமம், செல்லாது என்று சென்னை ஐகோர்ட்டுக்குப் போனது. 2008 அக்டோபரில் நீதிபதி வி.ராமசுப்பிரமணியன் அந்த வாதத்தை ஏற்கவில்லை. சூது என்று சொல்லி ஒப்பந்தத்தை ஒதுக்கிவிட முடியாது என்றே தீர்ப்பு வந்தது. பிறகு 2011 ஏப்ரலில் ரிசர்வ் பாங்கு, இவ்வகை ஒப்பந்தங்களில் விதிமுறை மீறியதற்காக 19 பாங்குகளுக்கு அபராதம் போட்டது. அபராதம் பாங்குகளுக்கு ஒரு பொருட்டே அல்ல. கையெழுத்துப் போட்டவருக்கு நஷ்டம் நஷ்டம்தான்.

இப்போது காற்று எதிர்த்திசையில் அடிக்கிறது. 2025 டிசம்பரில் டாலர் 90 ரூபாயைத் தாண்டியது. ஏற்றுமதிக்காரருக்குச் சந்தோஷம், இறக்குமதிக்காரருக்குக் கலக்கம். கலங்குகிறவரைத் தேடித்தான் புதுப்புது ஒப்பந்தங்கள் வரும். ஆகவே கஜானாப் பிரிவுக்குப் போகும் பிள்ளைகள், லாபம் சம்பாதித்துக் காட்டுவதைவிட, நீட்டிய தாளைப் படித்து 'இது நமக்கு வேண்டாம்' என்று எழுதக் கற்பது நல்லது என்பது என் கருத்து. அப்படி எழுதுகிறவருக்கு உடனே பதவி உயர்வு கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

இன்னொரு விஷயம் அல்சூரில் சிறு பட்டறை வைத்திருப்பவர்களுக்கும் புரியும். பெரிய கம்பெனி பில் பணத்தைத் தாமதிப்பது பல சமயம் இந்தக் கஜானாப் பிரிவின் தீர்மானம்தான். சிறுதொழிலாளருக்கு 45 நாளைக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது, மீறினால் பாங்கு ரேட்டைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று 2006ம் வருடச் சட்டமே சொல்கிறது. கேட்டால் அடுத்த ஆர்டர் வராதே என்று பயந்து யாரும் கேட்பதில்லை. 2024 ஏப்ரல் முதல், கெடுவுக்குள் கொடுக்காத தொகையை அந்த வருடச் செலவாகக் காட்ட வருமான வரிச் சட்டம் இடம் தரவில்லை. அதன் பிறகே சில கம்பெனிகளுக்கு அவசரம் வந்திருக்கிறது.

சரி, எப்படி உள்ளே போவது? பாங்கு ஸ்டேட்மெண்டையும் கம்பெனிப் பேரேட்டையும் ஒத்துப்பார்க்கும் வேலை கிடைத்தால் மறுக்காமல் சேரலாம். எக்செல் கைவசம் இருக்க வேண்டும். செபி நிறுவிய என்.ஐ.எஸ்.எம். நடத்தும் அன்னியச் செலாவணி ஒப்பந்தத் தேர்வு ஒன்று இருக்கிறது. இந்திய வங்கியியல் நிறுவனத்தின் டிரஷரி டிப்ளமோவும் உண்டு. சி.ஏ., ஐ.சி.டபிள்யூ.ஏ. (இப்போது சி.எம்.ஏ. என்கிறார்கள்) பாதி முடித்தவர்களுக்கும் மதிப்பு இருக்கிறது. இத்தேர்வுகளுக்கு வீட்டிலிருந்தே படிக்கலாம். வேலை நிச்சயம் என்று விளம்பரம் செய்து ஆயிரக்கணக்கில் கறக்கும் பயிற்சிக் கூடங்களுக்குக் கடன் வாங்கிக் கட்டத் தேவையில்லை.

ஒத்துப்பார்க்கும் வேலையில் பாதியைக் கம்ப்யூட்டரே செய்யத் தொடங்கிவிட்டது என்பதையும் மறைக்கக் கூடாது. அது விட்டுவைக்கும் இடிபாடான கணக்குகளைத் தீர்க்கத் தெரிந்தவருக்கே மேலே இடம். இன்டர்வியூவில் சம்பளத்தோடு இரண்டு கேள்விகளையும் கேட்டுவிட வேண்டும்: வேலை கம்பெனியின் நேரடிப் பட்டியலிலா, காண்டிராக்டர் மூலமா? ஷிப்டு இந்திய நேரமா, அமெரிக்க நேரமா? நள்ளிரவில் மெட்ரோ கிடையாது. வீட்டுக்குத் திரும்ப வண்டி கொடுப்பார்களா என்பதையும் பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.