துருப்பிடிக்காத மச்சான்

அமெரிக்காவில் மகள் வீட்டில் ஆறு மாசம் இருந்துவிட்டுத் திரும்பிய என் மச்சான், பெட்டியைத் திறந்து முதலில் எடுத்தது சாக்லேட் இல்லை. ஐந்து பாட்டில்கள். வைட்டமின் சி, வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின், செலினியம், துத்தநாகம். பஞ்சபாண்டவர் மாதிரி எங்கள் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக நின்றன.

"எல்லாம் ஆன்ட்டி ஆக்ஸிடன்ட், மாப்பிள்ளை. உடம்பு துருப்பிடிக்காது" என்றார். சொன்ன கையோடு பால்கனிக்குப் போய் சிகரெட் பற்றவைத்தார். நாளைக்குப் பத்து.

"இது என்னண்ணா?" என்றாள் என் மனைவி.

"அதுக்குத்தானே மாத்திரை!"

துரு விஷயம் ஓரளவு நிஜம்தான். நாம் சுவாசிக்கும் ஆக்ஸிஜனே செல்லுக்குள் சில போக்கிரி மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. அவை பக்கத்து வீட்டில் எலெக்ட்ரானைப் பிடுங்கும். ஆன்ட்டி ஆக்ஸிடன்ட் தன்னுடையதைக் கொடுத்து சமாதானம் பண்ணிவைக்கும். பஞ்சாயத்துக்காரர் ஒருவர் நல்லது என்றால், நூறு பேர் இன்னும் நல்லதுதானே என்பது மச்சான் கட்சி.

எனக்கும் சபலம். சி பாட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தேன். மாத்திரை ஒன்று 1000 மில்லிகிராம். போடுவதற்கு முன் கொஞ்சம் படித்துத் தொலைத்தேன்.

அமெரிக்க தேசிய சுகாதார நிலையத்தில் ஏழு இளைஞர்களை மாசக்கணக்கில் ஆஸ்பத்திரியிலேயே வைத்து, வைட்டமின் சி-யைப் படிப்படியாக ஏற்றி ரத்தத்தை அளந்தார்கள். முடிவு 1996-ல் வெளிவந்தது. தினம் 100 மில்லிகிராமிலேயே செல்கள் நிரம்பிவிட்டன. 200-க்கு மேல் ரத்தத்தில் பெரிசாக ஏறவில்லை. 500-ம் அதற்கு மேலும் கொடுத்தபோது உடம்பு ஏற்றுக்கொண்டதுகூட சிறுநீரில் இறங்கிவிட்டது. டாலர் கொடுத்து வாங்கியது டாய்லெட்டில்!

காசு போனால் போகட்டும். பீட்டா கரோட்டின் கதைதான் என்னைத் தூங்கவிடவில்லை.

ரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகமுள்ளவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருவதை டாக்டர்கள் கவனித்திருந்தார்கள். சரி, மாத்திரையாகவே கொடுத்துப் பார்ப்போம் என்று ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்துச் சோதித்தார்கள். அதில் பாதிப் பேருக்கு தினம் 20 மில்லிகிராம். ரத்தத்தில் அளவு பல மடங்கு ஏறியது. ஆனால் 1994-ல் கணக்குப் பார்த்தால், மாத்திரை சாப்பிட்டவர்களுக்குப் புற்றுநோய் 18 சதவிகிதம் அதிகம்! அமெரிக்காவில் இதே மாதிரி இன்னொரு சோதனையை 1996-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள். அங்கே 28 சதவிகிதம் அதிகம்.

ரத்தத்தில் ஏறுவது வேறு, உடம்புக்கு நல்லது வேறு.

மச்சானின் அதே ஐந்து சத்துக்களை ஒரே மாத்திரையில், மிதமான அளவில், பிரான்ஸில் 13,017 பேரிடம் சோதித்து 2004-ல் முடிவு சொன்னார்கள். பெண்களுக்கு லாபமில்லை. ஆண்களுக்குப் புற்றுநோய் குறைந்தது. ஆரம்பத்திலேயே அவர்கள் ரத்தத்தில் சத்து குறைவாக இருந்தது காரணமாயிருக்கலாம் என்றார்கள். காலிப் பானையில் ஊற்றினால் நிரம்பும். நிரம்பிய பானையில் ஊற்றினால் தரைதான் நனையும். துத்தநாகம் மிஞ்சினால் இன்னும் மோசம், உடம்பில் தாமிரத்தைக் குறைத்துவிடும்.

எல்லாவற்றையும் மச்சானிடம் ஒப்பித்தேன். ஃபின்லாந்து வந்ததும் முகம் மாறியது. பீட்டா கரோட்டின் பாட்டிலை எடுத்து லேபிளை ரெண்டு தரம் படித்தார். எழுந்துபோய்க் குப்பைத்தொட்டியில் போட்டார்.

"விட்டுட்டேன், மாப்பிள்ளை. இப்ப திருப்தியா?"

உட்கார்ந்தார். பழக்கதோஷம், கை சட்டைப் பைக்குப் போயிற்று.

என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. உப்பில் ஊறின நெல்லிக்காய் ரெண்டை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தாள். அப்புறம் மெதுவாக, "அப்பாவுக்கும் இப்படித்தான் இருமல்ல ஆரம்பிச்சுதுண்ணா" என்றாள்.

மச்சான் கை பையிலேயே நின்றது. கொஞ்ச நேரம் கழித்து வெறும் கையாக வெளியே வந்து நெல்லிக்காயை எடுத்தது.

இன்றைக்கு நாலாவது நாள். பால்கனியில் நின்றுகொண்டு நெல்லிக்காய் கடிக்கிறார். முகத்தைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்!