சமஸ்கிருதப் பேராசிரியர் ஃபிரோஸ் கான்: வேலை கிடைச்சும் வகுப்பெடுக்க முடியாதது ஏன்?

2019 நவம்பர். வாரணாசியில் உள்ள பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தார் ஃபிரோஸ் கான். சமஸ்கிருதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். ஜெய்ப்பூர் பக்கத்து பக்ரூ ஊர்க்காரர். அப்பா ரம்ஜான் கான் கிருஷ்ண பஜனை பாடுபவர். 2020-ல் பத்மஸ்ரீ விருதுக்கு அறிவிக்கப்பட்டவர்.

சேர்ந்த கையோடு மாணவர்கள் சிலர் துணைவேந்தர் வீட்டு வாசலில் தர்ணா உட்கார்ந்துட்டாங்க. 'இது வெறும் மொழித்துறை இல்லை. வேதம், சடங்கு சொல்லித்தரும் தர்ம புலம். இங்கே இந்து அல்லாதவர் கூடாது' என்பது அவர்கள் வாதம்.

ஆனா அவருக்குக் கிடைச்ச வேலை அந்தப் புலத்தின் சாகித்யத் துறையில், அதாவது இலக்கியம் நடத்த. புரோகிதம் சொல்லித்தர அல்ல.

சட்டம் என்ன சொல்லுது? அரசு வேலையில் மதப் பாகுபாடு கூடாது என்கிறது அரசமைப்பின் 16-வது பிரிவு. மத நிறுவனப் பதவிகளுக்குத் தனிச் சட்டம் இருந்தால் மட்டுமே விலக்கு. மத்தியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி அதில் எப்படி வரும்?

நியமனம் விதிப்படிதான் நடந்தது என்றது நிர்வாகம். ஆனாலும் அந்தப் புலத்தில் அவரால் வகுப்பெடுக்க முடியலை. டிசம்பரில் ராஜினாமா செய்துவிட்டு, அதே வளாகத்தில் கலைப் புலத்தின் சமஸ்கிருதத் துறைக்கு மாறினார். அங்கேயும் சொல்லித்தருவது சமஸ்கிருதம்தான்.