‘செட்’ ஆகிவிட்ட தமிழ்

"தயிருக்கு உறை ஊத்திட்டியா?" என்று ஊரிலிருந்து பாட்டி போனில் கேட்கிறார். டில்லியிலேயே பிறந்து வளர்ந்த பேத்தி விழிக்கிறாள். அவளுக்குத் தெரிந்த உறை, தலையணைக்குப் போடுவது. போன் அம்மா கைக்கு மாறுகிறது. "தயிர் செட் பண்ணியாச்சான்னு கேக்கறாங்கடி" என்று அம்மா விளக்குகிறார். குழந்தைக்குப் புரிந்துவிட்டது. ஆனால் பாட்டியுடன் பேச்சு அத்தோடு நின்றுவிட்டது.

இந்த ‘செட்’ லேசுப்பட்ட சொல் அல்ல. 1989இல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பு இதற்கு 430 பொருள்கள் தருகிறது. (பிற்பாடு ‘ரன்’ என்ற சொல் இதை முந்திவிட்டது என்பது வேறு கதை.) உண்மையில் இது இரண்டு சொற்களின் கூட்டு. உட்கார வைத்தல் என்ற பொருளுடைய பழைய ஆங்கில வினை ஒன்று. கூட்டத்தைக் குறிக்கும் பிரெஞ்சு வழி வந்த பெயர்ச்சொல் மற்றொன்று. இரண்டுக்கும் ஒரே ஒலியாகிவிட்டது.

செட் தோசையும் பம்ப்செட்டும் நம்மிடம் வந்ததில் எனக்கு வருத்தமில்லை. பொருளோடு பெயரும் வந்தது, இருக்கட்டும். வினையாக நுழைந்த ‘செட்’தான் கவலை தருகிறது. பாருங்கள்: தயிர் உறைகிறது, சிமெண்ட் இறுகுகிறது, எலும்பு கூடுகிறது, சூரியன் சாய்கிறது, சட்டை அளவாகப் பொருந்துகிறது, இருவருக்கு மனம் ஒத்துப்போகிறது. ஆங்கிலத்தில் இவற்றில் முதல் நான்குக்கும் ‘செட்’ ஒன்றே போதும். நாமோ இன்னும் தாராளமாகச் சட்டைக்கும் சம்பந்தத்துக்கும்கூட "செட் ஆகலை" என்கிறோம். ஒரு சொல்லை வரவு வைத்து ஆறு சொற்களைச் செலவு எழுதுகிறோம்! இது என்ன வியாபாரம்?

ஒரே சொல்லில் பல பொருள் காணும் திறமை நமக்கும் உண்டு. ‘வை’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். குழம்பு வைக்கிறோம், பொட்டு வைக்கிறோம், பெயர் வைக்கிறோம், தீ வைக்கிறார்கள், அன்பு வைக்கிறோம், சிரிக்க வைக்கிறோம். இது போதாதென்று, திட்டுவதற்கும் ‘வைதல்’ என்று தனியே ஒரு ‘வை’ இருக்கிறது. ‘செட்’டின் பொருள்களை மனப்பாடம் செய்யும் நம் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டை யார் காட்டினோம்?

பள்ளியில் ஆங்கிலம், தெருவில் இந்தி. அவை வேண்டும், பிழைப்பு அதில் இருக்கிறது. தமிழுக்கு மிஞ்சியிருப்பது சமையலறையும் சாப்பாட்டு நேரமும்தான். அங்கேயும் பெரியவர்களாகிய நாமே ‘செட்’ பண்ணிக்கொண்டிருந்தால், பிள்ளைகளுக்குத் தமிழ் வரவில்லை என்று குறைப்பட நமக்கு என்ன உரிமை?

பெரிய இயக்கம் எதுவும் வேண்டாம். இன்றிரவு பாலைக் காய்ச்சி ஆற்றியபின் பிள்ளையைக் கூப்பிட்டு, ஒரு கரண்டி மோரை அவள் கையில் கொடுத்து, "உறை ஊத்து கண்ணு" என்று சொல்லுங்கள். காலையில் தயிர் உறைந்திருக்கும். சொல்லும் அவள் மனதில் தங்கியிருக்கும். அடுத்த முறை பாட்டி கேட்டால், போன் கை மாறாது.