'லைன்' என்னும் ஒரு சொல்

ஆங்கிலம் கற்கும் நம் மாணவர் பலரிடத்தே ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கக் காண்கிறோம். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு நேராக ஒரு தமிழ்ச் சொல்லை எழுதி, அதனை நெட்டுருப் பண்ணி, அச்சொல் எங்கு வரினும் அப்பொருளையே ஒட்டவைத்து அமைந்துவிடுகின்றனர். பரீட்சைக்கு இம்முறை ஒருவாறு உதவலாம். வாழ்க்கைக்கு உதவாது என்பது நமது துணிபு.

சான்றாக 'லைன்' என்னும் எளிய சொல்லை எடுத்துக்கொள்வோம். அதற்குப் பொருள் 'கோடு' என்று பாலர் வகுப்பிலேயே படித்தோம். க்ஷேத்திர கணிதத்தில் அது கோடுதான். ஆனால் செய்யுளில் அது அடி; அச்சிட்ட பக்கத்தில் வரி; ரேஷன் கடை வாசலில் வரிசை; துணி உலர்த்தும் முற்றத்தில் கொடி; ரயிலுக்குத் தண்டவாளப் பாதை; மின்சாரத்துக்குக் கம்பி; போர்க்களத்தில் அணி; குலத்தைச் சொல்லுமிடத்து மரபு; ஒருவருடைய ஜீவனோபாயத்தைக் கேட்குமிடத்துத் தொழில். இவற்றுள் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்தால் வாக்கியம் நகைப்புக்கு இடமாகும்.

இத்துணைப் பொருளும் ஒரு சொல்லுக்கு எங்ஙனம் வந்தன? லத்தீன் மொழியில் ஆளிச்செடிக்கு 'லீனும்' என்று பெயர். அதன் நாரால் திரித்த நூலே 'லீனியா'. நூலை இழுத்துப் பிடித்தால் நேர்கோடு. அந்நேரில் மனிதர் நின்றால் வரிசை. எழுத்துக்கள் நின்றால் வரி. தந்தையும் மகனும் பேரனும் ஒருவர்பின் ஒருவராய்த் தொடர்ந்தால் மரபு. வேர் ஒன்று, கிளை பல. வேரை அறிந்தவனுக்குக் கிளைகள் பாரமாகத் தோன்றா.

இவ்வியல்பு ஆங்கிலத்துக்கே உரிய விநோதமன்று. நம் தமிழிலும் 'நூல்' என்னும் சொல் பஞ்சில் திரித்த இழையையும், புலவர் இயற்றிய சாஸ்திரத்தையும் ஒருங்கே குறிக்கின்றது. மரத்தின் வளைவை நேராக்கத் தச்சர் நூல் பிடிப்பதுபோல, மனத்தின் கோணலை நேராக்குவது நூல் என்று நன்னூலார் காரணமும் காட்டினார். அத்தச்சர் கையிலேயே 'ஒரு நூல்' என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்காகவும் வழங்குகின்றது. இனி, நேரான 'லைனு'க்கு நாம் இட்ட 'கோடு' என்னும் சொல்லோ, வளைவு, யானைத் தந்தம், மரக்கிளை, மலைச்சிகரம், நீர்க்கரை என்றெல்லாம் பொருள்படும்!

பல பொருள் தரும் ஒரு சொல்லை, அதனோடு சேரும் வினையைக் கொண்டும், இனத்தையும் சார்பையும் கொண்டும் தெளிய வேண்டுமென்று தொல்காப்பியர் விதித்தார். 'மா பூத்தது' என்றால் மரம். 'மா ஓடிற்று' என்றால் விலங்கு. திவாகரம் முதலிய நிகண்டுகள் இத்தகைய சொற்களுக்கென்றே பதினோராம் தொகுதியை ஒதுக்கின. ஆகவே, சொல்லைத் தனியே பிடிக்காமல் அதன் கூட்டத்தோடு அறிதல் நமக்குப் புதிய பாடமன்று. நாம் மறந்த பழைய பாடமே.

இதில் இவ்வளவு விவகாரம் ஏன் என்று சிலர் வினவலாம். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களை நோக்குக. தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர் குடியிருக்கத் துரைமார் வரிசை வரிசையாகக் கட்டிய அறைகளுக்கு 'லைன்' என்று பெயர். அது தொழிலாளர் நாவில் 'லயன்' என்றும் 'லயம்' என்றும் ஆயிற்று. இசைக்குரிய ஓர் இனிய பெயர், காற்றும் இடமும் குறைந்த அறைகளுக்குப் பெயராய் அமைந்தது. கோடு என்னும் ஒரு பொருளையே அறிந்தவன் அச்சொல்லில் அடங்கிய ஒரு சமூகத்தின் துயரை எங்ஙனம் அறிவான்?

அவ்வளவு தூரம் செல்லவும் வேண்டா. நம் நகரின் தென்பால், கொட்டிவாக்கத்துக்கும் நீலாங்கரைக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாலவாக்கம் இருக்கின்றது. சாலையோரத்தில் மின்சார 'லைன்'. தேநீர்க் கடையில் 'லைன் கிடைக்கவில்லை' என்று கைப்பேசியோடு போராடும் ஒருவர். கடலருகே தூண்டிற் கயிற்றைச் சிக்கெடுக்கும் மீனவர். இவையெல்லாம் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுவன. கண்ணுக்குப் புலப்படாத ஒரு 'லைனு'ம் அம்மணலில் உண்டு. 1991-ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, உயர் ஓதக் கோட்டிலிருந்து நிலத்தின் பக்கம் 500 மீட்டர் வரையுள்ள இடத்தைத் தன் ஆளுகைக்குள் கொணர்ந்தது. 2011-இலும் 2019-இலும் புதிய அறிவிக்கைகள் வந்தன. உயர் ஓதக் கோடு, தாழ் ஓதக் கோடு என்பவற்றோடு, 2011-இல் அபாயக் கோடு என மூன்றாவதும் சேர்ந்தது.

இவை யாரும் மணலில் கீறிய கோடுகளல்ல. பெருக்கு மிகுந்த நாளில் கடல்நீர் நிலத்தில் ஏறும் எல்லையே உயர் ஓதக் கோடு. ஓதம் வேறு, அலை வேறு. இவ்வேறுபாட்டை அறியாது ஒருவன் மொழிபெயர்த்தால் எல்லையே பிழைபடும். அவ்வெல்லை எங்கே விழுகின்றது என்பதைப் பொறுத்தே ஒரு குடும்பம் வீடு கட்டலாமா, வலை உலர்த்தும் இடம் நிலைக்குமா என்பன முடிவாகின்றன. கடலின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்தவர் மீனவர். அவர் அறிவை எழுதும் சாசனமோ ஆங்கிலத்தில். இடையே நின்று பொருள் சொல்ல வேண்டியவர் யார்? இரு மொழியும் கற்ற நாமே அல்லவா?

வேப்பேரியிலிருந்து பப்ரீசியஸ் ஐயர் 1779-இல் தமிழ் அகராதியை வெளியிட்டார். வின்சுலோ ஐயரின் பேரகராதி 1862-இல் வெளிவந்தது. அயல்நாட்டிலிருந்து வந்த மிஷனரிமார் நம் சொற்களின் பொருள்களை ஒவ்வொன்றாய்க் கேட்டுத் தொகுத்தனர். அவர்கள் மரபில் வந்த கலாசாலையிற் பயிலும் நாம், ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் போதுமென்று சோம்பியிருத்தல் தகுமோ?

ஆதலின் மாணவ நண்பர்களுக்கு நாம் கூறுவது இது. சொல்லைக் கண்டதும் பொருளை எழுதாதீர். அது யாரோடு நிற்கின்றது, யாரைத் தொடுகின்றது என்று பாருங்கள். கற்றபின், அண்டைக் குப்பத்தில் ஓர் ஆங்கில அறிவிப்பு ஒட்டப்படுமாயின், அதன் பொருளை நல்ல தமிழில் அவ்வூராருக்கு விளங்கச் சொல்லுங்கள். அகராதியைப் புரட்டிய பயன் அன்றே முழுமை பெறும்.