திறவுகோல் யார் கையில்?

"இராகு காலம் கழியட்டும், நாலரைக்கு மேல் தொடங்கலாம்."

சொன்னவர் தந்தை. சரியென்று தலையசைத்தவர் பிரவுசிங் சென்டர் உரிமையாளர். இருவருக்கும் நடுவே வாய் பேசாது அமர்ந்திருந்தவள் மகள். சென்ற ஆண்டு என்னிடம் தமிழ் படித்த மாணவி. கணிதத்தில் 94 மதிப்பெண் பெற்றவள். பொறியியல் கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியலைப் பதிவு செய்ய அவளுக்கு அன்று மாலை 5 மணியோடு கெடு முடிகிறது. செவ்வாய்க்கிழமை, 3 மணி முதல் நாலரை வரை இராகு காலமாம்! கணிப்பொறி காத்திருந்தது, கல்லூரிகள் காத்திருந்தன, இராகுவுக்காக அவளும் காத்திருந்தாள். பன்னிரண்டு ஆண்டு படிப்பின் பலனைத் தீர்மானிக்க எஞ்சியது அரை மணி நேரம்!

அந்த அரை மணியில் கடைக்காரர் அருள்வாக்குச் சொன்னார்: "பெரிய கல்லூரியை முதலில் போட்டால் வாய்ப்பு வீணாகிவிடும். நிச்சயமாகக் கிடைப்பதை முதலில் போடம்மா." ஊருக்கு அருகிலிருந்த தனியார் கல்லூரி முதலிடத்தில் ஏறியது. அவள் கனவு கண்ட அரசுக் கல்லூரி இரண்டாம் இடத்துக்கு இறங்கியது. முதலில் எழுதியதே கிடைத்தது. தரவரிசையில் அவளுக்குப் பின்னால் நின்ற, அவளுடைய இட ஒதுக்கீட்டுப் பிரிவையே சேர்ந்த மாணவன் ஒருவனுக்கு, அவள் கேட்ட அதே படிப்பில், அந்த அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது!

தோழர்களே, கணிப்பொறி அவளை வஞ்சித்ததா? அது செய்யும் வேலையைப் பாருங்கள். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200-க்குக் கணக்கிட்டுத் தரவரிசை வகுக்கப்படுகிறது. அந்த வரிசைப்படி ஒவ்வொருவர் பட்டியலையும் அது மேலிருந்து கீழாகப் படிக்கிறது. இடமிருக்கும் முதல் பெயரில் நிற்கிறது. மேலே எழுதிய கல்லூரி கிடைக்காவிட்டால் நட்டம் ஏதுமில்லை. அடுத்த பெயருக்கு இறங்குகிறது. எத்தனை பெயர் வேண்டுமானாலும் எழுதலாம். ஆகவே, அதிகம் விரும்புவதை முதலில் எழுதுவதே அறிவுடைமை. கரும்பலகையில் ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடக் கூடிய கணக்கு இது. அந்த ஐந்து நிமிடத்தை அவளுக்குத் தர ஆளில்லை. ஒன்றரை மணி நேரத்தை இராகுவுக்குத் தர ஆளிருந்தது!

ஆண்டவனுக்கும் அடியவனுக்கும் இடையே தரகர் எதற்கு என்று கேட்டு வளர்ந்த நாடு இது. இன்று கல்லூரிக்கும் மாணவனுக்கும் இடையே ஒரு தரகர் வந்து உட்கார்ந்திருக்கிறார். இவருக்கும் மந்திரம் உண்டு; திரையில் தெரியும் ஆங்கிலம். இவருக்கும் இரகசியம் உண்டு, கடவுச்சொல். இவருக்கும் தட்சணை உண்டு. அது ஆளைப் பார்த்து, அவசரத்தைப் பார்த்து ஏறும், இறங்கும். கருவறைக்கு வெளியே நிற்பதுபோல், கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நிற்கிறாள் மாணவி. அவளுடைய வாழ்வை உள்ளே ஒருவர் தட்டச்சு செய்கிறார்!

மிகையாகச் சொல்கிறேனா? 2020-இல், அரசு கலைக் கல்லூரிகளுக்கு இணையவழி விண்ணப்பம் வந்தபோது, நானும் அந்தத் தடுப்புக்கு வெளியே நின்றவன். அரசு கேட்ட விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய். பதிவுக் கட்டணம் 2 ரூபாய். கடைக்காரர் கேட்டது 200 ரூபாய்! ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்க்கு அரசு கேட்டது அந்த 2 ரூபாய் மட்டுமே. கடைக்காரரிடம் அந்தச் சலுகையும் இல்லை. அவர்களும் அதே 200-ஐ எண்ணி வைத்தார்கள். போகட்டும், பணம். என் விண்ணப்பத்தில் அவர் எழுதிய கைபேசி எண் அவருடையது! மின்னஞ்சல் முகவரியும் அவருடையதே! "செய்தி வந்தால் சொல்லுகிறேன், தம்பி" என்றார். எனக்கு வரும் செய்தியை அறிய, நாள்தோறும் அவர் கடைவாசலில் நான் காத்துக் கிடந்தேன். கடை மூடியிருந்தால் கல்லூரியும் மூடியதுபோலத்தான்!

"அப்படியானால் காகித விண்ணப்பமே மேல், கணிப்பொறியைத் தூக்கி எறி" என்பார் சிலர். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1922-இல் நீதிக்கட்சி ஆட்சி, கல்லூரிகளில் மாணவரைத் தேர்ந்தெடுக்கக் குழு அமைக்குமாறு ஆணையிட்டது. ஏன்? கல்லூரி வாயில் ஒருவரின் விருப்புவெறுப்புக்கு அடங்கிக் கிடக்கலாகாது என்பதற்காக! 2006-இல் இயற்றிய சட்டத்தின் வழியே, தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத் தேர்வு ஒழிந்தது. ஏன்? பயிற்சிக் கூடத்துக்குப் பணம் கட்ட முடியாதவனும் உள்ளே வரவேண்டும் என்பதற்காக! 2017 வரை, குமரி மாவட்டத்து உழவனும் மகளை அழைத்துக்கொண்டு, இரவெல்லாம் பயணம் செய்து, சென்னையில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்கு வந்தாக வேண்டும். 2018-இல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறியது. சாதி பார்க்காத, சிபாரிசுக் கடிதம் படிக்காத கருவி இது. இதைக் குறை கூறுவது, ஓலைச்சுவடி போய் அச்சுப்பொறி வந்ததற்கு அழுவது போலாகும். வாயில் அகலமாகத்தான் திறந்திருக்கிறது; என் கேள்வி, திறவுகோல் யார் கையில் என்பதே!

ரேண்டம் எண் வெளியாகும் நாளில் வீடுகளில் நடக்கும் கூத்தைக் கண்டதுண்டா? இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கிறார்கள். எட்டு வந்தால் முகம் வாடுகிறது! மொத்த மதிப்பெண், பாட மதிப்பெண், பிறந்த நாள் எல்லாம் இருவருக்கு ஒன்றாகவே இருந்தால்தான் அந்த எண்ணுக்கு வேலை. இதை எடுத்துச் சொல்லாதவரையில் எண் சோதிடன் பிழைப்பான், கடைக்காரரும் பிழைப்பார். இருவருக்கும் முதலீடு ஒன்றே: நம் அறியாமை!

ஆனால், கடைக்காரரை மட்டும் ஏசிவிட்டு இந்தப் பேனாவை மூடினால் நான் கோழை. அவர் கூலிக்கு வேலை செய்தார், தெரிந்ததைச் சொன்னார், தெரியாததையும் சொன்னார். தெரிந்திருக்க வேண்டிய நான் எங்கே இருந்தேன்? மே மாதம் பதிவு நடந்தபோது, எங்கள் பள்ளியில் கணிப்பொறி அறை பூட்டிக் கிடந்தது. சாவி ஆசிரியர் அறையின் ஆணியில் தொங்கியது. விடுமுறை என்று நான் வீட்டில் இருந்தேன். தேர்ச்சி விழுக்காட்டைப் பலகையில் எழுதி வாயிலில் மாட்டினோம்; தேறியவள் எங்கே போகிறாள் என்று திரும்பிப் பார்க்கவில்லை! அந்த மாணவி என்னைக் குறை சொல்லவில்லை. "நீங்கள் சொல்லியிருந்தால் மாற்றி எழுதியிருப்பேன், ஐயா" என்று மட்டும் சொன்னாள். அந்தச் சொல் இன்னும் சுடுகிறது.

ஆகவே கேட்கிறேன். விண்ணப்பத் திரையின் ஒவ்வொரு கேள்வியும், ஒவ்வொரு எச்சரிக்கையும் தமிழில் தெரியட்டும். மாவட்டந்தோறும் உதவி மையங்கள் இருக்கின்றன. அவை பள்ளிதோறும் வரட்டும். பதிவு நடக்கும் நாள்களில் கணிப்பொறி அறை திறந்திருக்கட்டும். ஆசிரியர் ஒருவர் அங்கே அமரட்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடியுமுன், ஒவ்வொரு மாணவனும் மாதிரி விருப்பப் பட்டியல் ஒன்றைத் தன் கையால் எழுதிப் பழகட்டும். கைபேசி எண்ணும் கடவுச்சொல்லும் அவனுடையதாகவே இருக்கட்டும்.

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டுமா? வேண்டாம், தோழர்களே! ஒரு காலத்தில் சிற்றூர்தோறும் படிப்பகம் கண்டோம். எழுதப் படிக்கத் தெரிந்தவன் செய்தித்தாளை உரக்கப் படிக்க, தெரியாதவன் சுற்றி அமர்ந்து உலகை அறிந்தான். அதே திண்ணையில் இன்று ஒரு மடிக்கணினியை வையுங்கள். பட்டம் பெற்ற ஒவ்வொருவரும் ஆண்டுக்குப் பத்து மாணவர்க்குப் பக்கத்தில் அமருங்கள், பக்கத்தில் மட்டுமே! பொத்தானை அழுத்தும் விரல் மாணவனுடையதாக இருக்கட்டும்.

வரும் மே மாதம் எங்கள் பள்ளியின் கணிப்பொறி அறை திறந்திருக்கும். தலைமையாசிரியரிடம் கேட்டுவிட்டேன், ஒப்புக்கொண்டார். ஆணியில் தொங்கிய சாவி இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. இராகு காலத்திலும் திறப்பேன்!