பதிவு மூப்பு

2007இல் ப்ளஸ் டூ மதிப்பெண் பட்டியலையும் சாதிச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனேன். நடவுக் கூலியிலிருந்து அம்மா பஸ்ஸுக்குக் காசு கொடுத்தாள். மூன்று வருசத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறேன். பி.ஏ. ஏறியது, எம்.ஏ. ஏறியது, வயசும் ஏறியது. ஒரு கடுதாசி வரவில்லை. 2013இல் புதுப்பிக்கப் போனபோது சான்றிதழைப் புரட்டிய எழுத்தர் சொன்னார்: "எம்.ஏ.வா? கூட்டுற வேலைன்னா உங்க ஆளுங்களுக்குச் சட்டுன்னு கெடைக்குமேப்பா." அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிகிறது.

இந்த அலுவலகங்களுக்குப் பல்லாக இருந்திருக்க வேண்டியது 1959ஆம் ஆண்டின் காலியிடங்களைக் கட்டாயமாக அறிவிக்கும் சட்டம். பேரில்தான் கட்டாயம். 25 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தனியார் நிறுவனம் காலியிடத்தைத் தெரிவித்தால் போதும். அலுவலகம் அனுப்பும் ஆளை எடுக்கும் கடமை முதலாளிக்கு இல்லை என்று சட்டமே எழுதிக் கொடுத்தது. தெரிவிக்கவே வேண்டாத வேலைகளும் இருந்தன. தனியார் விவசாயக் கூலி வேலை, வீட்டு வேலை, மூன்று மாசத்துக்குக் குறைந்த வேலை, அப்புறம் 'திறன் தேவைப்படாத அலுவலக வேலை'. இந்தக் கடைசி வகையில் யார் யார் என்று பார்த்தால் கட்டுத் தூக்குகிறவர், காவலாளி, கூட்டுகிறவர். எங்கம்மா, எங்க அத்தை, எங்க சித்தப்பா எல்லாரும் சட்டத்துக்கு வெளியே. படித்த பிள்ளை மட்டும் உள்ளே, வரிசையில். 2025 நவம்பரில் இந்தச் சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் கரைந்தது. வரிசை கரையவில்லை.

காத்திருக்கவும் காசு தருகிறார்களாம். பதிந்து ஐந்து வருசம் சும்மா இருந்தால், பத்தாவது தவறியவருக்கு மாசம் 200 ரூபாய், பட்டதாரிக்கு 600. அதுவும் மூன்று வருசம்தான். 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த ஒரு நாள் கூலி 336. பட்டதாரியின் ஒரு மாசம், மண்வெட்டி பிடித்த இரண்டு நாளுக்குக் கீழே!

"முகாம் நடத்துறோமே, தனியார் கம்பெனி வருதே" என்கிறார்கள். வருகிறது. அங்கே இடஒதுக்கீடு கிடையாது. சான்றிதழைப் பார்க்கும் முன்னே கேட்கிறான்: "எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு?"

சரி, எழுத்தர் சொன்ன அந்தக் கூட்டுற வேலையாவது இருக்கிறதா? 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களைக் கேளுங்கள். பெரும்பாலும் நம் பெண்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுக்காதே என்றார்கள். 13ஆம் தேதி ராத்திரி போலீஸ் அவர்களை அள்ளிக்கொண்டு போனது. ஒப்பந்தக்காரனுக்குப் பதிவு மூப்பும் இல்லை, இனச் சுழற்சியும் இல்லை. அரசு தன் வேலையைக் குத்தகைக்கு விடும்போது நம் இடஒதுக்கீட்டையும் சேர்த்துத்தான் விடுகிறது. இதைப் பேசாமல் 'திறன் பயிற்சி' பேசுகிற தோழர்களோடு எனக்குச் சண்டைதான்.

ஒரே ஒரு தாள் கேட்போம். மாவட்டத்தில் பதிந்த தலித்துகள் எத்தனை பேர், அதில் கடுதாசி போனது எத்தனை பேருக்கு, ஒப்பந்தத்துக்குப் போன அரசு வேலை எத்தனை. மூன்றையும் அச்சடித்து அலுவலக வாசலில் ஒட்டு.