மூன்றாவது படம் எங்கே?

படப்பை டீக்கடையில், இரண்டாம் ஷிப்டுக்கு ஒரகடம் போக கம்பெனி பஸ்ஸை எதிர்பார்த்து நின்ற தம்பியிடம் ‘உன்னைப்போல் ஒருவன்’ பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். “கமல் படம்தானே சார்? மோகன்லால்கூட வருவாரே” என்றார். 2009இல் வந்த படத்தைச் சொல்கிறார். அவர்மேல் தப்பில்லை. ஜெயகாந்தன் எழுதி இயக்கிய 1965ஆம் ஆண்டுப் படத்தை அவர் ஆசைப்பட்டாலும் பார்க்க முடியாது. அதன் பிரதி ஒன்றுகூட எஞ்சியிருப்பதாகத் தெரியவில்லை.

இந்த லட்சணத்தில்தான் பூந்தமல்லி பக்கம் 500 கோடி ரூபாயில் திரைப்பட நகரம் வரப்போகிறது. 2024இல் அறிவித்தபோதே அனிமேஷன், விஎஃப்எக்ஸ், எல்இடி தளம், ஐந்து நட்சத்திர ஹோட்டல் என்று அடுக்கிவிட்டார்கள். எடுத்த படத்தைப் பத்திரப்படுத்த ஓர் அறை அந்த அடுக்கில் என் கண்ணில் படவில்லை.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, கடலூரிலிருந்து கிளம்பி, சென்னையில் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் வளர்ந்து, ஜனசக்தி அச்சகத்தில் வேலை பார்த்தவர் ஜெயகாந்தன். சேரி வாழ்க்கையை ‘உன்னைப்போல் ஒருவன்’ நாவலாக எழுதியவர் அதைத் தானே படமாகவும் எடுத்தார். வீணை சிட்டிபாபு இசை. ஸ்டுடியோ முதலாளிகளுக்கு அவர் ஒத்துவரவில்லை, அவருக்கு அவர்களும்தான். 1966இல் ‘யாருக்காக அழுதான்’. பிறகு பீம்சிங் இயக்கத்தில் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’, ‘ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்’ இரண்டுக்கும் திரைக்கதை. இந்த இரண்டில் முதலாவதில் நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது. சாகித்ய அகாதெமி, ஞானபீடம், பத்மபூஷண் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை.

நான் திரும்பத் திரும்பச் சொல்லி நண்பர்களை அலுக்க வைக்கும் கணக்கு வேறு. 1964ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த படம் சத்யஜித் ராயின் ‘சாருலதா’. இரண்டாவது சேத்தன் ஆனந்தின் ‘ஹகீகத்’. மூன்றாவது, 1965இல்தான் திரைக்கு வந்த ‘உன்னைப்போல் ஒருவன்’. வங்காளியின் படத்தை இன்றிரவே பார்க்கலாம். இந்திப் படத்தையும் பார்க்கலாம். தமிழன் படம்? ஒரே ஆண்டு, ஒரே விருது, ஒரே அரசு. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் தொடங்கியதும் அதே 1964இல்தான். மூன்றில் ஒன்றைத் தொலைத்தவர்கள் யார்? நாம்தான்.

பழைய படம் என்றால் தீப்பிடித்திருக்கும் என்று சமாதானம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வெட்கமில்லாத சமாதானம். தீப்பிடிக்கும் நைட்ரேட் ஃபிலிம் 1950களின் தொடக்கத்திலேயே வழக்கொழிந்துவிட்டது. அதற்குப் பின் வந்த அசிடேட் ஃபிலிம் எரிந்து சாவதில்லை. சென்னையின் வெக்கையிலும் ஈரத்திலும் போட்டால் காடி நாற்றம் எடுத்து, சுருங்கி, மெல்லச் சாகும். அதற்கும் பொறுக்காமல், வெள்ளி எடுக்கக் கறுப்பு வெள்ளைப் பிரதிகளை எடைக்குப் போட்ட நாடு இது. எல்லாம்தான் யூடியூபில் இருக்கிறதே என்பவர்களுக்கு நான் பதில் சொல்வதாக இல்லை.

எங்கள் ஊர்ப் பக்கம் வந்து பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு காருக்கும் ஒரு சேசிஸ் நம்பர் உண்டு. ஒரகடத்தில் உதிரிபாகம் செய்யும் சின்னப் பட்டறையில்கூட லாட் நம்பர் போடாத பெட்டி கேட்டைத் தாண்டாது. ஒரு பிரேக் பேடில் கோளாறு என்றால் எந்த ஷிப்டில், எந்த மிஷினில் வந்தது என்று பிடித்துவிடுவார்கள். ஞானபீடம் வாங்கியவர் எடுத்த படத்துக்கு பிரேக் பேடுக்கு உள்ள மரியாதைகூட இல்லை.

‘ஓர் இலக்கியவாதியின் கலையுலக அனுபவங்கள்’ என்று அவரே எழுதி வைத்த புத்தகம் இருக்கிறது. படம் பிடித்த அனுபவத்தைப் படிக்கலாம். படத்தை மட்டும் பார்க்க முடியாது. 

ஆகவே அந்தத் திரைப்பட நகரத்தில் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது என்பேன். குளிரூட்டிய கிடங்கு ஒன்று எழும்பும்வரை. அதில் வைக்க என்னென்ன மிச்சம் இருக்கிறது என்று தயாரிப்பாளர்களின் பரணிலும் லேப் மூலைகளிலும் தேட ஆள் போடட்டும். ஹோட்டல் அப்புறம். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் மருந்துக்கும் சாக்லேட்டுக்கும் குளிர்கிடங்கு கிடைக்கிறது. வாடகைக்குத்தான்.